உம்தாலாங் ஆற்றின் வேர்ப்பாலம்

நோங்கிர்
14 நவம்பர் 1971

கொங் பிலிந்தாவுக்கு,

குப்லேய், வணக்கம். மிளகு விற்க உங்கள் பக்கம் வரும் துரோவின் கூடையில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படிப்பவர் முகத்தைப் பார்த்தே பாதியைச் சந்தையில் சொல்லிவிடுவாள். அவள் போன பிறகு பிரியுங்கள்.

நான் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். மனைவி போனபின் ஆண் தன் அம்மா வீட்டுக்குத் திரும்புவது வழக்கம்தான். உங்கள் வீட்டில் என்னைப் போகச் சொன்னவர் யாரும் இல்லை. இருக்கச் சொன்னவரும் இல்லை. ஆரஞ்சுக் கூடைகள் அடுக்கும் அறையை அக்கா ஒழித்துத் தந்திருக்கிறாள். எல்லாவற்றிலும் ஆரஞ்சுத் தோல் வாசனை. இபாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி அனுப்பியிருக்கிறேன். இடி இடித்தால் அவள் அழமாட்டாள், மூச்சை அடக்கிக்கொள்வாள். அப்போது இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்தினால் போதும், மூச்சு விடுவாள். அவள் அம்மா தெய்லின் அப்படித்தான் செய்வாள்.

எழுத வந்தது வேறு. ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகும் இடம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் மூங்கில் பாலத்தை ஆறு தின்கிற அதே இடம். என் பக்கம் தண்ணீர் மேல் சாய்ந்தபடி ஒரு ஜிரி மரம் நிற்கிறது. என் அம்மா குலத்துக்குச் சொந்தமானது. அதன் விழுதுகளைப் பிடித்து அக்கரை வரை வளர்த்துப் பாலமாக்கலாம் என்று நினைக்கிறேன். இங்கே மாமாக்கள் சரி என்றார்கள். எதிர்க்கரை உங்கள் குலத்து நிலம். என் மரத்து வேர்கள் அந்த மண்ணில் இறங்க வேண்டும். உங்கள் பக்கத்து ஜிரி மரத்திலிருந்தும் சில வேர்கள் இந்தப் பக்கம் வர வேண்டும். ஒரு கரையிலிருந்து மட்டும் வந்தால் நடுவில் தொய்ந்துவிடும்.

உடனே ஆகிற வேலை இல்லை. இபா பெரியவளாகும்போது அது ஓர் ஆளைத் தாங்கலாம். உங்கள் ஹோர்மு மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஷான்போர்

*

மாவ்தோ
3 டிசம்பர் 1971

பாஹ் ஷான்போர்,

என்னைக் ‘கொங்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களுக்கு அக்கா இல்லை, உங்கள் மனைவியின் தங்கை; ‘பாஹ்’, அண்ணன், என்று கூப்பிட வேண்டியவள் நான்தான். “ஏய் பிலி, அடுப்புல தண்ணி வை” என்று இத்தனை வருஷம் கூப்பிட்ட வாய்க்குத் திடீரென்று இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது? மரியாதை வைத்தால் தள்ளி நிற்கலாம் என்று நினைத்தீர்களா?

மாமாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பொண்ணத் தூக்கிட்டுப் போயி ஆத்தங்கரையில சாகவிட்டவனுக்கு இப்ப மரம் வேற வேணுமா?”

நான் அவரை அடக்கவில்லை. நானும் அதையேதான் நினைக்கிறேன். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, தண்ணீர் இறங்கட்டும், காலையில் பார்க்கலாம் என்று மருத்துவச்சி சொன்னாள். நானும் சொன்னேன், கதவை மறித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் அவளை முதுகில் சுமக்கும் மூங்கில் நாற்காலியில் உட்காரவைத்து, வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, அக்கரை ஆஸ்பத்திரிக்கென்று அந்த மழையில் இறங்கிவிட்டீர்கள். மூங்கில் பாலம் போய்விட்டிருந்தது. திரும்பி வந்தபோது முதுகில் இருந்த இரண்டு பேரும் உயிரோடு இல்லை. வீட்டிலேயே போயிருந்தால் அவள் தலை என் மடியில் இருந்திருக்கும். கால்களாவது காய்ந்திருக்கும்.

அதே இடத்தில் பாலம். அதுவும் உடனே ஆகாதாம். அவளுக்கு வேண்டியிருந்தது அன்றைக்கு.

அனுமதி இல்லை. தொப்பி பெரிதாக இருக்கிறது, அடுத்த குளிருக்குச் சரியாகும். ஆரஞ்சு பறிக்கும் காலத்தில் இபாவைப் பார்க்க வரலாம். முற்றத்தில் உட்காரலாம்.

பிலிந்தா

*

நோங்கிர்
20 மார்ச் 1972

பிலிந்தா,

நீ மறுத்ததற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என் பக்கத்து மரத்தில் மட்டும் ஆரம்பித்துவிட்டேன். உங்கள் மண்ணை என் வேர் தொடாது. நடுவில் நின்றால் நிற்கட்டும்.

முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது இபா என்னைக் கேட்டாள்: “நீ ஆத்துல என்ன பண்ற?” பாலம் வளர்க்கிறேன் என்றேன். “பாலம் என்ன, கோழியா? வளக்கிறதுக்கு?” என்றாள். நீ கதவுக்குப் பின்னால் சிரித்தது கேட்டது. இல்லையென்று எழுதாதே.

என்ன செய்கிறேன் என்று அவளுக்குச் சொல். பாக்கு மரத்தை நீளவாக்கில் பிளந்து உள்சோற்றைச் சுரண்டிவிட்டால் நீளமான தொட்டி கிடைக்கும். மூங்கில் கட்டி அதை ஆற்றுக்கு மேல் நீட்டியிருக்கிறேன். உள்ளே மக்கிய இலையும் பாசியும். மரத்திலிருந்து தொங்கும் விழுதுகளில் சுண்டுவிரல் பருமன் உள்ளதாகப் பார்த்து, அதில் படுக்கவைத்து மூடிவிடுகிறேன். முதிர்ந்த விழுது வளையாது, உடையும். இளசுதான் சொல் கேட்கும். இருட்டும் ஈரமும் இருந்தால் அது முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

தண்ணீருக்கு மேல் நீண்டிருக்கும் கிளை ஒன்றில் விழுதே இல்லை. அதில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரப்பாசி வைத்து, நாரால் கட்டினேன். கொஞ்ச நாள் கழித்துப் பிரித்தால் சீவிய இடத்தின் மேல் விளிம்பில் எறும்பு முட்டை மாதிரி வெள்ளையாகப் புள்ளிகள். இப்போது அவை வேர்கள். அந்த இடம் அதுவரை கிளையாகத்தான் இருந்தது. இலை விட்டது, பறவை உட்கார்ந்தது. வேர் அதற்குள் முன்பே இருந்ததா, காயம் பட்ட பிறகுதான் மரத்துக்குத் தோன்றியதா, எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா வந்து கத்தியபிறகுதான் சாப்பிடப் போனேன்.

ஷான்போர்

*

மாவ்தோ
11 ஜூலை 1973

பாஹ் ஷான்போர்,

இந்த மழையில் கம்பிப் பாலம் வழியாக மலையைச் சுற்றிப் போகிறவர் யாராவது கிடைத்தால் இது உங்களிடம் வரும். கிடைக்காவிட்டால் பூஞ்சை தின்னும்.

இபாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து போனது. இப்போது சோறு கேட்கிறாள், பயப்படாதீர்கள். காய்ச்சலில் உங்களைத்தான் கேட்டாள். ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீங்கள் ஆற்றில் இறங்குவீர்கள் என்று தெரியும். அனுப்பவில்லை. மருத்துவச்சி ஏதோ வேரை அரைத்துக் கொடுத்தாள். விடிகிறவரை காய்ச்சல் இறங்காதோ என்று இருந்தபோது, கதவை மறித்து நின்ற இடத்திலேயே நின்றேன். அன்றைக்கு நீங்கள் ஏன் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள் என்பது கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான்.

இன்னொன்று. அவள் என்னை ‘மெய்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் திருத்தினேன். “மெய் இல்லடி, நான் சித்தி. மெய்னா அம்மா. உன் மெய் கடவுள் வீட்டுல வெத்தல பாக்கு போட்டுக்கிட்டு இருக்கா” என்றேன். “அங்க ஒரு மெய், இங்க ஒரு மெய். ரெண்டு இருந்தா என்ன?” என்றாள். அதன்பிறகு திருத்தவில்லை. இதை யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக்கூடாது என்று நானே எழுதுகிறேன்.

மாமா ஆற்றங்கரைக்குப் போய் உங்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். “எலி நடக்கப் பாலம் போடுறான் உங்க மாப்பிள்ள” என்று ஊரெல்லாம் சொல்கிறார். ‘உங்க மாப்பிள்ள’ என்றுதான் இன்னும் சொல்கிறார். அதையும் கவனித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை. அன்றைக்கு வழியில் அவள் பேசினாளா? என்ன பேசினாள்?

பிலிந்தா

*

நோங்கிர்
2 ஆகஸ்ட் 1973

பிலி,

உன் கடிதம் நனைந்துதான் வந்தது, ஆனாலும் எல்லா எழுத்தும் படிக்க முடிந்தது. இபா உன்னை மெய் என்று கூப்பிடட்டும். எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆனாலும் கூப்பிடட்டும்.

அவள் பேசினாள். முதுகு நாற்காலியில் உட்கார்ந்தவர் பின்பக்கம் பார்த்துத்தானே உட்கார வேண்டும். எனக்குப் பாதை தெரியும், அவளுக்கு வீடு தெரியும். அதனால் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும்தான்.

“இபா அப்பா, மெதுவா. நான் ஆரஞ்சு மூட்டை இல்ல” என்றாள். பிறகு, “வீடு இன்னும் தெரியுது. பிலி வாசல்லயே நிக்கிறா. மழையில நனையுறா, பைத்தியம்” என்றாள். அப்புறம் கொஞ்சம் வலி. அது போனதும், “கை ஆட்டுனேன், அவ ஆட்டல. கோவத்துல கூட எவ்ளோ அழகா நிக்கிறா பாருங்க” என்றாள். நான் திரும்பிப் பார்க்க முடியாது, வார் நெற்றியில் இருந்தது. “எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். அவள் சிரித்தாள்.

பாலம் இல்லாத கரையில் அவளை இறக்கவில்லை. இறக்கினால் தூக்க முடியாது என்று பயந்தேன். பாறையில் முட்டுக்கொடுத்து நின்றபடி அக்கரைக்குக் கத்திக்கொண்டிருந்தேன். ஆற்றின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் எப்போது பேச்சை நிறுத்தினாள் என்பது அதனால் எனக்குத் தெரியாது. பாரம் மாறவில்லை. வேறு எதுவும் என்னிடம் இல்லை, பிலி. இவ்வளவுதான்.

ஷான்போர்

*

நோங்கிர்
9 அக்டோபர் 1976

பிலி,

மூன்று வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இபாவைத் தவறாமல் ஆரஞ்சுக் காலத்தில் அனுப்புகிறாய், அவள் பையில் கருவாட்டுச் சட்னி வைக்கிறாய், கடிதம் வைப்பதில்லை. நான் அதை எழுதியிருக்கக்கூடாதோ என்று ஒவ்வொரு சந்தைக்கும் நினைக்கிறேன். கேட்டது நீதான் என்றும் நினைக்கிறேன்.

இந்த மழையில் ஆறு மூங்கிலையும் தொட்டியையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. பாதி ஆறு தாண்டியிருந்த வேர்கள் அறுந்து நுனியில் பால் வடிய ஆடிக்கொண்டிருந்தன. மூங்கிலைப் பிடிக்கப் போய் என் இடது கை பாறையில் சிக்கியது. இரண்டு விரல் இனி மடங்காது. இபாவிடம் ஆற்றைச் சொல்லாதே, மாடு மிதித்தது என்று சொல்.

விட்டுவிடலாம் என்றுதான் அன்றைக்கு வந்து படுத்தேன். கை ஆறியபின் போய்ப் பார்த்தால், அறுந்த நுனிக்குக் கொஞ்சம் பின்னால், ஒன்று இருந்த இடத்தில் மூன்று நான்கு இளம் வேர்கள் சிவப்பு நுனியோடு வந்திருக்கின்றன. என் அக்கா, “மரத்துக்கு ஒன்ன மாதிரியே ரோசம் இல்ல” என்றாள்.

மறுபடியும் பாக்கு மரம் பிளக்கிறேன். ஒரு கையால் பிளப்பதுதான் நேரமாகிறது.

ஷான்போர்

*

மாவ்தோ
6 மார்ச் 1977

பாஹ் ஷான்போர்,

மாடு மிதித்தது என்று இபாவிடம் சொன்னேன். “எங்க அப்பா வீட்டுல மாடே இல்லையே” என்றாள். பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து ஜிரி மரத்தில், ஆற்றைப் பார்த்த கிளையில், நீங்கள் எப்போதோ எழுதியபடி பட்டையைச் சீவிப் பாசி கட்டினேன். மாமாவிடம் கேட்கவில்லை. இந்த வீட்டின் கடைசி மகள் நான், வீடும் மரமும் என் பெயரில்தான் இருக்கின்றன என்று அவருக்கு ஒருநாள் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கட்டிய இடத்தில் நிற்காமல் பால் வடிகிறது. பாசி கறுத்துவிட்டது. வேர் ஏதும் இல்லை, மேலே இலை மஞ்சளாகிறது. கத்தி ஆழமாகப் போய்விட்டதா? கிளை சாகுமா? எனக்கு இது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உங்கள் பழைய கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு நான் கை ஆட்டவில்லை என்பது உண்மை. அவள் ஆட்டியதைப் பார்த்தேன். பார்த்தும் ஆட்டவில்லை. அதற்கு மேல் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன், வரவில்லை.

பாசியை மாற்றவா, விடவா? சந்தைக்குள் பதில் வேண்டும்.

பிலிந்தா

*

நோங்கிர்
8 மார்ச் 1977

பிலி,

துரோ கூடையை இறக்கும் முன்பே பிடுங்கிப் படித்தேன். அவளை உட்காரவைத்துவிட்டு எழுதுகிறேன். “என்னப்பா, ஒன் மொகம் இப்புடி ஆயிருச்சு? பொண்ணு கிண்ணு குடுக்குறாங்களா?” என்கிறாள். இந்நேரம் சந்தையில் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

அந்தக் கிளையை மறந்துவிடு. ஆழமாகத்தான் போய்விட்டது, அது போகட்டும். மரம் சாகாது. வேறு கிளை எடு. கட்டைவிரல் பருமன் போதும், நிழல் பட்ட பக்கமாக. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டையைக் கடிக்கக்கூடாது. பால் வடிந்து காய்கிறவரை விட்டுவிடு, துடைக்காதே. பிறகு பாசியைப் பிழிந்து கட்டு. சொட்டச் சொட்டக் கட்டினால் அழுகும், அதுதான் கறுத்தது. கட்டியபின் பிரித்துப் பிரித்துப் பார்க்காதே. உன் குணம் எனக்குத் தெரியும், பிரிக்காதே. வேர் தானாகப் பாசியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அப்போது எழுது, தொட்டி செய்துகொண்டு நான் வருகிறேன்.

கை ஆட்டாததைப் பற்றி. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குரலை நான் கேட்டேன், நீ கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது என்னை நம்பு.

ஷான்போர்

*

நோங்கிர்
17 டிசம்பர் 1980

பிலி,

நேற்று உங்கள் கரையில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மரத்து வேர்களில் நீளமான இரண்டும் உங்கள் கரையை எட்டிவிட்டன. மண்ணைத் தொடவிடாமல் நான் பாறைமேல் சுருட்டி வைத்திருந்தேன். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். ஹோர்மு மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார், சுருளைப் பார்த்தார். “இது என்ன, பாம்பா வளக்கிற?” என்றார். அவரே உட்கார்ந்து, தடியால் குழி பறித்து, இரண்டையும் மண்ணில் வைத்து மூடினார். காற்றில் எவ்வளவு காலம் தொங்கினாலும் கயிறு மாதிரி மெலிந்தே இருக்கும். மண்ணைக் கண்டபின்தான் பருக்கும், முறுக்கேறி இழுக்கும். இனி அது வேகமாகத் தேறும்.

உன் கிளையில் வந்த நான்கும் நடு ஆற்றில் என் வேர்களைச் சந்தித்துவிட்டன. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கிறேன். ஒன்றை ஒன்று அழுத்தும் இடத்தில் பட்டை சேர்ந்துகொள்ளும்.

கட்டிக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார்: “ஏம்ப்பா, இன்னும் எவ்ளோ காலத்துக்கு முற்றத்துலயே உக்காந்துட்டுப் போவ? எங்க வழக்கத்துல தடை ஒண்ணும் இல்ல. உள்ள வந்தா என்ன?”

நான் கையிலிருந்த நாரை இறுக்கிக் கட்டினேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை, கேட்க வேண்டியவளும் அங்கே வேடிக்கை பார்த்த துரோ இல்லை. ஆகவே உன்னையே கேட்கிறேன். நான் உங்கள் வீட்டுக்குள் வரலாமா, பிலி? இபாவின் அப்பாவாக அல்ல. உன்னிடம் வரலாமா?

யோசித்துச் சொல்.

ஷான்போர்

*

மாவ்தோ
23 நவம்பர் 1981

பாஹ் ஷான்போர்,

ஒரு வருஷமாக உங்களைக் காக்கவைத்தேன். நடுவே ஆரஞ்சுக்கு வந்தீர்கள், முற்றத்தில் உட்கார்ந்தீர்கள், தேநீர் குடித்தீர்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

வேண்டாம்.

காரணம் சொல்ல வேண்டும். மாமாவுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குச் சொல்ல வேண்டும். இபாவுக்கு நான் மெய் ஆகிவிட்டேன். ஊரார் என்னைக் கூப்பிடுவதே ‘இபாவோட மெய்’ என்றுதான். அக்காவின் பாயில் படுக்கிறேன், அக்காவின் அடுப்பில் சமைக்கிறேன், அவள் பெற்றதை வளர்த்தேன். நீங்களும் வந்துவிட்டால் நான் முழுக்கத் தெய்லின் ஆகிவிடுவேன். பிலிந்தா என்று ஒருத்தி இருந்தாளே, அவள் எங்கே போவாள்? போன ஆரஞ்சுக்கு நான் முதுகைக் காட்டி விறகு பிளந்துகொண்டிருந்தேன். நீங்கள் “தெய்” என்று கூப்பிட்டீர்கள். உடனே திருத்திக்கொண்டீர்கள். நான் கேட்காதமாதிரி இருந்தேன். கேட்டது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விருப்பமும் இல்லாமல் இல்லை. இதை ஒரு தடவைதான் எழுதுவேன், நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், எரித்தும் விடலாம்.

இபாவை ஷில்லாங்குக்குப் படிக்க அனுப்புகிறேன். உங்கள் மகள் சொல்கிறாள், இங்கே மழையைத் தவிர எதுவும் இல்லையாம்.

எங்கள் கரையில் கட்டியிருந்த நார் வேரை அறுக்கிறது, பருத்துவிட்டது. தளர்த்த யாரையாவது அனுப்புங்கள். நீங்களே வந்தாலும் சரி.

பிலிந்தா

*

ஷில்லாங், ஆஸ்பத்திரி
28 நவம்பர் 1988

பிலி,

எழுதுவது இபா. சொல்வது நான். விரல் நடுங்குகிறது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம், எடுத்தால் மறுபடி சேர்கிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு இபா தினமும் வருகிறாள். என்னையும் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரியே அதட்டுகிறாள்.

இந்த மழையில் பாலத்தின் மேல் ஆட்கள் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். கைப்பிடிக்கு இன்னும் வேர் முதிரவில்லை, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போகச் சொல். நடுவில் ஒரு பொத்தல் இருக்கிறது, அதில் தட்டைக்கல் பதித்து மண் போடு. அதற்குள்ளும் வேர் இறங்கும்.

தை மாதத்துக்குள் உங்கள் குலத்தார் எலும்புகளை எடுத்துக் குலம் முழுதும் சேரும் பெரிய கல்லுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று இபா சொன்னாள். தெய்லினையும் சேர்த்துத்தானே? பிரசவத்தில் போனவள் என்று இத்தனை வருஷம் தனியாகச் சின்னக் கல்லடியில் வைத்திருந்தீர்கள். உங்கள் பெரிய கல் எங்கள் பக்கத்து மலையில், உங்கள் பழைய ஊரில் இருக்கிறது. ஆறு தாண்டித்தான் போக வேண்டும். நான் அங்கே இருக்க நினைத்தேன். டாக்டர் விடவில்லை. இபா போகிறேன் என்றாள், போகட்டும்.

எப்படி நடந்தது என்று எழுது. அலங்காரம் வேண்டாம். நடந்ததை எழுது.

ஷான்போர்

(மெய், டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை இதில் எழுத முடியவில்லை. நான் வரவா, இங்கேயே இருக்கவா? - இபா)

*

மாவ்தோ
5 பிப்ரவரி 1989

பாஹ் ஷான்போர்,

இதை இபா படித்துக் காட்டுவாள் என்று தெரியும். அதனால் சில இடங்களில் நான் பேசாமல் போவேன். நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்.

இபாவை இங்கே வராதே, அப்பாவோடு இரு என்று ஆளிடம் சொல்லி அனுப்பியது நான்தான். அம்மாவின் எலும்பைத் தூக்க வரவில்லையே என்று அவள் அழுதிருப்பாள். அவள் மேல் குறை வைக்காதீர்கள்.

நேற்று நடந்தது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சின்னக் கல்லைப் புரட்டி எடுத்தோம். கடைசி மகள் நான்தானே, நான்தான் கழுவினேன். பெரியதாக ஒன்றும் இல்லை. ஒரு கைக்கூடையில் அடங்கிவிட்டாள். வயிற்றில் இருந்ததும் சேர்ந்துதான் இருந்தது, பிரித்துச் சொல்ல முடியவில்லை, பிரிக்கவும் இல்லை. வெள்ளைத் துணியில் முடிந்தேன்.

ஹோர்மு மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் முன்னால் அவர்தான் நடந்தார், தோளைப் பிடித்துக்கொள்ள ஒருவர். ஆற்றங்கரைக்கு வந்ததும் எல்லோரும் நின்றார்கள். எலும்பு நீரைத் தாண்டும்போது ஆவி பின்தங்கிவிடாமல், கரைக்குக் கரை ஒரு நூல் கட்டுவது வழக்கம் இல்லையா. அதன் மேல்தான் அவர்கள் நடந்து வருவார்கள். மாமாவின் மடியில் நூற்கண்டு இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பாலத்தின் வேரைத் தடவிப் பார்த்தார். வெகு நேரம் தடவினார். இந்தப் பாலத்தில் நான் இதுவரை ஏறியதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது.

“மாமா, நூல் கட்டலையா?” என்று யாரோ கேட்டார்கள்.

“கட்டணும், கட்டணும்” என்றார். பிறகு, “நூல் அந்தாண்டயிருந்து கிளம்பிப் பதினேழு வருஷம் ஆச்சு. இத்தன தடிமனா ஒரு நூல நான் பாத்ததில்ல” என்றார். கண்டைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டார்.

நான் ஏறினேன். ஆடியது. ஆனால் மூங்கில் மாதிரி ஆடவில்லை, ஒரு பெரிய மிருகத்தின் முதுகு மாதிரி, உள்ளே சதை இருக்கிற மாதிரி. நடுவில் கல் பதித்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். பின்னால் வந்தவர்கள் பயந்துவிட்டேன் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். பயம் இல்லை. அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். ஆறு வற்றியிருந்தது, சத்தம் இல்லை. அதனால் அவளுக்குக் கேட்டிருக்கும்.

உங்கள் கரையில் உங்கள் அக்கா வெற்றிலை பாக்கோடு நின்றிருந்தாள். எங்கள் குலத்துச் சடங்கு, அவள் வர வேண்டியதே இல்லை. வந்தாள். கூடையைத் தொடவில்லை, வழக்கம் தெரிந்தவள். மலை ஏறுகிறவரை எங்கள் பின்னாலேயே வந்தாள்.

பெரிய கல்லைத் திறந்து எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். இனி அவள் தனியாக இல்லை. கல்லை மூடும்போது மாமா சத்தமாக அழுதார். உங்களை ஒருகாலத்தில் அவர் சொன்ன வார்த்தையை அங்கே எல்லோர் முன்னாலும் திரும்பச் சொல்லி, “அத நான் சொல்லியிருக்கக் கூடாது, அவங்கிட்ட எழுதிரு” என்றார். எழுதிவிட்டேன்.

திரும்பும்போது உங்கள் அக்கா ஓர் இடத்தைக் காட்டினாள். உங்கள் அம்மா குலத்தின் கல். நீங்கள் போக வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும், எல்லா ஆண்களும் அவரவர் அம்மாவிடம்தான் போகிறார்கள். புருஷனும் பெண்சாதியும் ஒரே கல்லடியில் இருக்க நம் வழக்கத்தில் வழி இல்லை. இத்தனை காலம் அவள் இந்தக் கரையில் இருந்தாள். உங்கள் இடம் அந்தக் கரையில் இருந்தது.

நான் அங்கே நின்று பார்த்தேன். எங்கள் கல்லிலிருந்து உங்கள் கல் தெரிகிறது. இடையில் ஓர் ஆரஞ்சுத் தோட்டம், ஒரு சின்ன வேலி, குழந்தைகூடத் தாண்டலாம். என்னையும் ஒருநாள் அங்கேதான் கொண்டுவருவார்கள்.

இபா, அடுத்த வரியை அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் போய்ப் படி.

நடுவில் ஆறு இல்லை.

பிலிந்தா